இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் சேரலாமா, பாடங்களை முடித்த பிறகா?

ஒரு வாசகரின் கேள்வி – ஜூன் 3

இளநிலை உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு. ஓர் ஆய்வகத்தில் சேரக் கேட்கலாம் என்று இருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் தடுக்கிறார்கள். "அடிப்படைப் பாடம் முடியாமல் போனால் கண்ணாடிச் சாமான் கழுவத்தான் விடுவார்கள், மதிப்பெண்ணும் குறையும், கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்" என்கிறார்கள். ஆய்வு பாடத்தைக் கெடுக்குமா?

ஜூன் 4, இரவு

சேருங்கள். அடிப்படை முடிந்த பிறகு என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. நான் இப்போது கடைசி ஆண்டு. அடிப்படை இன்னும் முடியவில்லை. எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அக்காவும் அதையேதான் சொல்கிறார்.

பாடத்தை ஆய்வு கெடுக்கிறதா என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது கொடுத்த வேலை, ஒரு பாக்டீரியாவின் பாஸ்படேஸ் நொதி (பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும் நொதி) எந்தப் பிஎச்சில் நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பது. இதற்குப் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமற்ற பொருளைக் கொடுப்பார்கள். நொதி அதை வெட்டினால் பாரா-நைட்ரோபீனால் வரும், அது மஞ்சள். 405 நானோமீட்டரில் மஞ்சளை அளந்தால் நொதியின் வேகம் கிடைத்துவிடும். கேட்கச் சுலபம்.

வரைபடத்தைப் போட்டேன். பிஎச் 8க்குக் கீழே கோடு சரசரவென்று இறங்கியது. நொதிக்குக் காரநிலைதான் பிடிக்கும்போல என்று எழுதி முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சரிவின் வடிவம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முதலாண்டுப் பொது வேதியியலில் அமில-காரச் சமநிலைக்கு வரைந்த அதே வளைவு. நொதி எதுவும் சேர்க்காமல், பாரா-நைட்ரோபீனாலை மட்டும் ஒரே அளவில் ஒவ்வொரு பஃபரிலும் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) போட்டு அளந்து பார்த்தேன். அதே சரிவு வந்தது!

அதாவது, கோட்டை இறக்கியதில் பெரும் பங்கு நொதியுடையது இல்லை. பாரா-நைட்ரோபீனால் புரோட்டானை இழந்தால்தான் மஞ்சள். அமிலப் பக்கம் போகப் போக அது நிறமற்றதாகிவிடும். விளைபொருள் அங்கேதான் இருக்கிறது, கருவிக்குத் தெரிவதில்லை. வினையை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நிறுத்தினால் எல்லாமே மஞ்சளாகும், அப்புறம் அளந்தால் சரியாக வரும். அப்படிச் செய்தபோது எங்கள் நொதி நடுநிலைக்கு அருகிலும் தாராளமாக வேலை செய்வது தெரிந்தது.

அந்த அமில-காரச் சமன்பாட்டை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் ஓரம் கட்டியிருந்தேன். அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று காட்டியது ஆய்வகம்தான்.

ஜூன் 5

அந்தச் சமன்பாட்டை எண்ணில் போட்டுக் காட்டச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். பாரா-நைட்ரோபீனாலின் பிகேஏ, அதாவது அதில் சரிபாதி புரோட்டானை இழந்து நிற்கும் பிஎச், ஏறக்குறைய 7.15. அந்தக் கணக்கில் பிஎச் 8இல் சுமார் 88 சதவீதம் மஞ்சள் வடிவத்தில் இருக்கும். பிஎச் 7இல் 41 சதவீதம். பிஎச் 6இல் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஆறில் நொதி முழு வேகத்தில் ஓடினாலும் கருவி அதைத் தூங்குவதாகத்தான் காட்டும்.

ஜூன் 7, காலை

கண்ணாடிச் சாமான் கழுவுவது பற்றி. அதை ஏதோ தண்டனை மாதிரிப் பேசுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மேலே சொன்ன நொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் என்பது பாஸ்படேஸின் விளைபொருள். அதே பாஸ்பேட் நொதியின் செயல் மையத்தில் போய் உட்கார்ந்து வேலையைத் தடுக்கவும் செய்யும். பாஸ்பேட் கலந்த சோப்பால் கழுவிச் சரியாக அலசாமல் வைத்த குடுவை ஒன்று போதும், ஒரு நாள் வேலையைக் குழப்பிவிடும். எங்கள் ஆய்வகத்தில் எதை எதனால் கழுவ வேண்டும், கடைசியில் எந்தத் தண்ணீரில் அலச வேண்டும் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேதியியல் காரணம் உண்டு. கழுவச் சொன்னால் கழுவுங்கள், ஏன் இப்படி என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லும் ஆய்வகம் நல்ல ஆய்வகம்.

ஒரு பருவம் முழுக்கக் கழுவ மட்டுமே விட்டால் அது வேறு கதை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

ஜூன் 11

"பிராக்டிகல் வகுப்பு இருக்கிறதே, அதிலேயே ஆய்வு கற்றுக்கொள்ள முடியாதா?" என்று கேட்டவருக்கு.

பெரும்பாலும் முடியாது, அதற்கு மாணவர்கள் காரணமில்லை. ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு வர வேண்டும் என்று நுழையும்போதே எல்லோருக்கும் தெரியும். 9.8 வந்தால் நிறுத்துகிறோம், 9.3 வந்தால் மறுபடி செய்கிறோம். தேடும் உழைப்பு முழுவதும், விடை பிடிக்காதபோது மட்டும்தான் நடக்கிறது. அந்தப் பழக்கம் ஆய்வகத்துக்குள் வந்தால் ஆபத்து, ஏனென்றால் அங்கே எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

இது மாணவர்களோடு நிற்கும் பழக்கமும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்தபோது காற்றின் பாகுநிலைக்குச் சற்றுத் தவறான மதிப்பு பயன்பட்டது. அவருடைய 1913ஆம் ஆண்டு விடை இன்றைய மதிப்பைவிட ஏறக்குறைய 0.6 சதவீதம் குறைவு. அடுத்து அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான இடத்துக்கு வராமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் வந்தார்கள் என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1974இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் சொன்னார். மில்லிகனை விட்டு விலகிய எண் வந்தால் தவறு தேடினார்கள், நெருங்கிய எண் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை என்பது அவர் விளக்கம்.

இயற்பியலாளர்கள் நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் இருவரும் 2018இல் எழுதிய ஒரு கட்டுரையும் இங்கே சொல்லத் தக்கது. மூன்று நிறுவனங்களில் ஒன்பது இயற்பியல் ஆய்வகப் பாடங்களை எடுத்து, பிராக்டிகல் வகுப்புக்குப் போன மாணவர்கள், போகாத மாணவர்கள் இருவரும் பாடத் தேர்வில் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். அளக்கும்படியான வித்தியாசம் இல்லை. ஆய்வில் ஈடுபட்ட இளநிலை மாணவர்களிடம் பேசியபோது, முடிவெடுக்கும் வேலை அவர்கள் கையில் இருந்தது தெரிந்தது. எதை அளப்பது, எப்போது நம்புவது, எப்போது முறையை மாற்றுவது. வழக்கமான பிராக்டிகலில் இவை மூன்றையும் கையேடு முடிவு செய்துவிடுகிறது.

ஜூன் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, பிராக்டிகல் வீண் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது, முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியில் அளக்கும் அந்தச் சாதாரணச் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். கையேடு கேட்டது கோணத்தை மட்டும். அவர் கண்ணில் ஒளியின் விளிம்பு விளைவுப் பட்டைகள் (ஒளி விளிம்பில் வளைவதால் தோன்றும் கோடுகள்) பட்டன, அதைப் பின்தொடர்ந்தார். அந்த வேலை 1906இல் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் வந்தது. கருவியும் வகுப்பும் வழக்கமானவைதான். கையேட்டில் இல்லாத ஒன்றைப் பார்க்க நேரமும் அனுமதியும் இருந்தால் பிராக்டிகல் வகுப்பிலிருந்தே ஆய்வு கிளம்பும். நான் குறை சொல்வது அந்த அனுமதி இல்லாததை.

ஜூன் 19, நள்ளிரவு தாண்டி

ராமனைப் போல எல்லோரும் இருக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதனால் ஒரு வகுப்பு முழுவதையும் ஆய்வில் இறக்கிய உதாரணத்தைச் சொல்கிறேன்.

2008இல் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் கிரகாம் ஹாட்ஃபுல் என்ற அறிவியலாளரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதலாண்டு மாணவர்கள் மண்ணை எடுத்து வருவார்கள். அதிலிருந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான பேஜ்களைப் பிரித்தெடுப்பார்கள். மண்ணைக் கரைத்து வடிகட்டி, மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் போன்ற தீங்கு குறைந்த ஒரு பாக்டீரியா வளரும் தட்டில் ஊற்றினால், பேஜ் இருக்கும் இடத்தில் தெளிந்த சிறு வட்டங்கள் தெரியும். அந்த வட்டத்தைக் குத்தி எடுத்து, மறுபடி மறுபடி தூய்மையாக்கி, மரபணு வரிசையைப் படித்து, பேர் வைத்துப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். தட்டில் என்ன வரும் என்று ஆசிரியருக்கும் தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பாடத்திட்டமும் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது, விடை மட்டும் முன்கூட்டி இல்லை.

மட்டி (Muddy) என்று பேர் வைத்த ஒரு பேஜ் அந்தச் சேகரிப்பில் இருக்கிறது. 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்தது. 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு செய்தி வந்தது. பிரிட்டனில் 15 வயது நோயாளி ஒருவருக்கு, நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி பரவி, எந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் எடுபடவில்லை. மூன்று பேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள், உடல்நிலை தேறியது. அந்த மூன்றில் ஒன்று மட்டி.

இதைப் படித்த அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை எனக்கு. மற்ற இரண்டில் மரபணுவைத் திருத்த வேண்டியிருந்தது, மட்டி இருந்தபடியே வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20

மேலே எழுதியதைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். மட்டியைச் சொன்னால், தானும் உயிர் காக்கும் ஒன்றைக் கண்டுபிடிப்போம் என்று புதிதாக வருபவர் நினைப்பார். அந்தச் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான பேஜ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நோயாளி யாரிடமும் போகவில்லை. ஆனால் தேட வேண்டிய நேரம் வந்தபோது தேட ஒரு சேகரிப்பு இருந்தது, ஒவ்வொன்றும் எங்கே எப்போது யார் எடுத்தது என்ற குறிப்போடு. 2010இல் அந்த மாணவி குறிப்பை ஒழுங்காக எழுதி, மாதிரியை ஒழுங்காக உறைய வைத்தது எவ்வளவு முக்கியமான வேலை என்று பாருங்கள். அந்த அளவு வேலை இளநிலை மாணவர் யாராலும் முடியும்.

ஜூலை 2

எந்தப் பாடத்தை விடக்கூடாது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்வது புள்ளியியல். அதை ஒரு தாளாக மட்டும் நினைத்துக் கடந்து போகிறவர்கள் அதிகம்.

நொதியியலில் எல்லோரும் படிக்கும் லைன்வீவர்–பர்க் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம், 1934இல் வந்தது. நொதியின் வேகத்தைத் தலைகீழாக்கி, அது வெட்டும் பொருளின் செறிவையும் தலைகீழாக்கி வரைந்தால் வளைவு நேர்கோடாகிவிடும். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு விடை எடுக்கலாம். தேர்வில் அழகு. இப்போது அளவீட்டில் ஓர் அலகு பிழை இருக்கிறது என்று வையுங்கள். வேகம் 10 என்றால் தலைகீழ் 0.1, பிழையோடு 0.09க்கும் 0.11க்கும் நடுவில் நிற்கும். வேகம் 2 என்றால் தலைகீழ் 0.5, அதே ஓர் அலகு பிழை அதை 0.33 முதல் 1.0 வரை எங்கே வேண்டுமானாலும் தள்ளும். அந்தப் புள்ளிதான் வரைபடத்தின் தொலைவான ஓரத்தில் நின்றுகொண்டு கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. எதை மிகக் குறைவாக நம்ப வேண்டுமோ அதற்கு மிக அதிகச் செல்வாக்கு. அதனால்தான் ஆய்வகத்தில் மூல வளைவையே கணினியில் பொருத்துகிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லாமல் கோடு போட மட்டும் சொல்லிக்கொடுத்தால், அது பாதிப் பாடம்.

அடுத்தது, மூன்று குழாய். ஒரே நொதிக் கரைசலிலிருந்து மூன்று குழாயில் எடுத்து அளந்துவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று எழுதுகிறார்கள். மூன்று முறை பைப்பெட் செய்ததற்கு மட்டும்தான் அது கணக்கு. பாக்டீரியாவை மூன்று தனித்தனி வளர்ப்பில் வளர்த்து, மூன்று முறை நொதி எடுத்தால்தான் உயிரியல் கணக்கில் மூன்று. இந்தக் குழப்பத்தைச் சூழலியல் சோதனைகளில் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே விரிவாகக் காட்டியிருக்கிறார். எங்கள் ஆய்வகக் கூட்டத்தில் யார் வரைபடத்தைக் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி, "இந்தப் பிழைக்கோடு எதன் பிழை?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தவன், அதன் பிறகு மூடவில்லை.

ஜூலை 3

நேற்று நொதியியலைத் தொட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். செறிவைப் பொறுத்து நொதியின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு புத்தகத்தில் அரைப் பக்கம். அவர்களின் 1913ஆம் ஆண்டுக் கட்டுரை ஜெர்மன் மொழியில் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, தேடிப் படியுங்கள். அதே வடிவச் சமன்பாட்டை விக்தோர் ஹென்றி 1903இலேயே எழுதிவிட்டார். பிறகு இவர்கள் என்ன செய்தார்கள்?

சோதனையைச் சரிப்படுத்தினார்கள். சர்க்கரையை வெட்டும் இன்வர்டேஸ் நொதியின் வேகத்தை, கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்து அளப்பார்கள். சிக்கல் என்னவென்றால், வெட்டியதும் வெளிவரும் குளுக்கோஸ் உடனே நிலைகொள்ளாது. அதன் திருப்பும் அளவு மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். உடனே அளந்தால் பொய்யான எண் வரும். அதனால் அவர்கள் குறித்த நேரத்தில் காரம் சேர்த்தார்கள். நொதி நின்றது, குளுக்கோஸும் விரைவாக நிலைகொண்டது, அப்புறம் அளந்தார்கள். பிஎச்சையும் பஃபரால் கட்டிப்போட்டார்கள். பிஎச் என்ற அளவே 1909இல் சோரன்சன் கொண்டுவந்தது, ஹென்றியின் காலத்தில் இல்லை.

நான் நொதியை நிறுத்தக் காரம் சேர்த்த அதே வேலையை மாட் மென்டன் பெர்லினில் உட்கார்ந்து செய்திருக்கிறார் என்று படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! சமன்பாட்டை மட்டும் படித்திருந்தால் இந்தக் கட்டுரையில் என்ன சாமர்த்தியம் என்றே தெரிந்திருக்காது.

ஜூலை 4

தேர்வு நேரம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: தேர்வு அட்டவணை வந்த அன்றே ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். வளர்ப்புகளை உறைய வைத்துவிட்டுப் போங்கள். மதிப்பெண் தேவைப்படும், மேற்படிப்புக்குக் கேட்பார்கள், அதை அலட்சியமாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஜூலை 15, மாலை

கழுவ மட்டும் விடுவது பற்றிப் பின்னால் எழுதுகிறேன் என்றேன்.

இப்போது இருக்கும் ஆய்வகத்துக்கு முன்னால் வேறொன்றில் சில காலம் இருந்தேன். பேர் வேண்டாம். அங்கே இளநிலை மாணவர்கள் தட்டு ஊற்றுவார்கள், குழாய்க்குப் பேர் எழுதுவார்கள், அந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "உனக்கு இப்போது தேவையில்லை" என்று பதில் வரும். ஆய்வகக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். கை நன்றாகப் பழகியது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாணவருடைய நேரத்தை இப்படி எடுத்துக்கொள்வது தவறு. படிப்பதற்காக வந்தவரிடம் கேள்வியை மறைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அதனால் சேரும் முன் கேளுங்கள். எனக்கு அன்றாடம் சொல்லித்தரப் போவது யார்? கூட்டத்துக்கு வரலாமா? நான் எடுக்கும் எண்களை நானே வரைந்து பார்க்கலாமா? கட்டுரை வந்தால் என் பங்கு எப்படிக் குறிப்பிடப்படும்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்கலாம். சோதனையை வடிவமைப்பதிலும் எண்களுக்குப் பொருள் சொல்வதிலும் பங்கு இருந்தால் ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்பது நியாயம். சொன்னதை அளந்து கொடுத்தது மட்டும் என்றால் பல இடங்களில் நன்றி சொல்வதோடு நிற்கும். எது உங்களுக்கு என்று தொடக்கத்திலேயே தெரிந்தால் பின்னால் மனக்கசப்பு இல்லை. ஏற்கெனவே அங்கே இருந்து வெளியே போன மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசிப் பார்ப்பது இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

ஜூலை 16

இன்னொன்று. வழிகாட்டி பரபரப்பாக இருப்பதும் அலட்சியமாக இருப்பதும் ஒன்றல்ல. எங்கள் பேராசிரியரை வாரத்தில் ஒருமுறை பார்ப்பதே அதிகம். பார்த்தால் என் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அக்காதான் தினமும் கூட இருப்பவர். இப்படி இரண்டு பேர் அமைந்தால் போதும்.

ஜூலை 28

முதலில் கேட்டவர் சேர்ந்துவிட்டாராம், நல்லது. ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: பருவ முடிவில் அறிக்கை எழுத வேண்டும், எதிர்பார்த்த விளைவு வரவில்லை, வராத சோதனைகளை எழுதலாமா, இல்லை வந்ததை மட்டும் எழுதினால் போதுமா?

எழுதுங்கள், அட்டவணையாகவே போடுங்கள். எந்த பஃபர், என்ன செறிவு, எந்த வெப்பநிலை, வேதிப்பொருள் புட்டியின் தொகுதி எண், எவ்வளவு நேரம், நொதி போடாத குழாயில் என்ன எண் வந்தது. "வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அடுத்து வருபவர் அதையே மறுபடி செய்வார். கருவி காட்டிய ஒளி உட்கவர் அளவு 3ஐத் தாண்டியிருந்தால் அதையும் குறியுங்கள். அங்கே கருவியின் உணரிக்குப் போய்ச் சேரும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. நீர்க்க வைத்து மறுபடி அளக்க நேரம் இருந்தால் அறிக்கைக்கு முன் அதை முடித்துவிடுங்கள். அறிக்கைப் பக்க வரம்பு இடம் தராவிட்டால் அட்டவணையைப் பின்னிணைப்பில் வையுங்கள், ஒரு பிரதியை ஆய்வகக் கோப்பிலும் போடுங்கள்.